அணைத்தாலும் திரும்பி வரும் எஞ்சின் லைட்

என் மச்சான் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் கேட்டரிங் தொழில் செய்கிறார். அண்டா, அடுப்பு, கேஸ் சிலிண்டர், மடக்கு மேசை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தீவுக்கும் பெருநிலத்துக்கும் அலைவது அவருடைய பழைய டீசல் பிக்கப். வயது பதினைந்தைத் தாண்டிவிட்டது. மீட்டர் 3 லட்சம் கிலோமீட்டரைக் கடந்துவிட்டது. ஒரு நாள் பாலிக் பூலாவில் ஒரு கல்யாணத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது, துன் சார்டோன் சாலை மேட்டில், மீட்டரில் மஞ்சளாக எஞ்சின் படம் எரிந்தது. அதோடு வண்டியின் இழுவையும் போய்விட்டது. சாம்பார் அண்டாவைப் பின்னால் வைத்துக்கொண்டு இரண்டாவது கியரில் ஊர்ந்துபோய்ச் சேர்ந்தார். அங்கே எஞ்சினை அணைத்துத் திரும்பப் போட்டதும் இழுவை வந்துவிட்டது. லைட் மட்டும் அணையவில்லை.

முதல் பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, சின்னக் கோளாறுதான் என்று அழித்துக் கொடுத்தார்கள். நான்கே நாளில் திரும்ப வந்தது. இரண்டாவது பட்டறையில் டீசல் பிரஷர் சென்சாரை மாற்றினார்கள். ஐந்நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) பக்கத்தில் போனது. இரண்டு வாரம் நிம்மதி. அப்புறம் ஆயர் ஈத்தாம் பக்கம் ஏறும்போது அதே லைட். மூன்றாவது பட்டறைக்காரர், பம்பையும், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையும் கழற்ற வேண்டும், நாலாயிரத்தைத் தாண்டும் என்றார். அதைக் கேட்ட பிறகுதான் மச்சான் என்னிடம் சாவியை நீட்டினார்.

நான் வண்டி பழுது பார்க்கும் ஃபோர்மேன் இல்லை. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை. சென்சார்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் அந்த பிக்கப்பை எப்படிப் பார்த்தேன் என்பதை, வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

கிராணி எழுதிய குறிப்பு

எங்கள் தாத்தா நிபோங் திபால் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி ஒவ்வொருவருடைய வாளியையும் எடை போட்டுப் புத்தகத்தில் எழுதுவார். இந்த நிரையில் இத்தனை மரம், வழக்கமாக இவ்வளவு பால் என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு நாள் பால் பாதியாகக் குறைந்தால் பென்சிலில் ஒரு குறி போடுவார். மறுநாளும் குறைந்தால் கங்காணியான மண்டோரைக் கூப்பிடுவார். மரம் காய்ந்துவிட்டதா, விடியற்காலையில் மழை பிடித்ததா, வருகிற வழியில் வாளி தட்டிவிட்டதா என்பதெல்லாம் கிராணிக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது எடை மட்டும்.

வண்டிக்குள் இருக்கும் ஈசியு என்ற சிறு கம்ப்யூட்டர் அந்தக் கிராணிதான். எஞ்சினைச் சுற்றிலும் சென்சார்கள் இருக்கின்றன. உள்ளே போகும் காற்று எவ்வளவு, தண்ணீரின் சூடு எவ்வளவு, டீசல் அழுத்தம் எவ்வளவு என்று ஒவ்வொன்றும் ஒரு மின்சாரக் குறிப்பாக, பெரும்பாலும் 0 முதல் 5 வோல்ட்டுக்குள், ஈசியுவுக்குப் போய்ச் சேருகிறது. கால் இவ்வளவு மிதித்தால் காற்று இவ்வளவு வர வேண்டும், அழுத்தம் இவ்வளவு ஏற வேண்டும் என்று அதனிடம் ஓர் அட்டவணை இருக்கும். வந்த எண்ணும் அட்டவணை எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் ஒரு குறி.

பல கோளாறுகளுக்கு அந்த முதல் குறி பென்சில் குறிதான், லைட் எரியாது. அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் லைட் எரியும். ஓட்டம் என்றால், எஞ்சினைப் போட்டு, அந்தச் சோதனை நடக்கிற அளவுக்கு ஓட்டி, அணைப்பது. அதன் பிறகு மூன்று ஓட்டம் தொடர்ந்து கோளாறு தெரியாவிட்டால் லைட் தானாகவே அணைந்துவிடும். பதிவு மட்டும் உள்ளே இருக்கும். எஞ்சின் ஏறத்தாழ 40 தடவை சூடாகி ஆறும்வரை கோளாறு தலைகாட்டாவிட்டால் அதுவும் போய்விடும். சில கோளாறுகளுக்கு மட்டும் முதல் தடவையிலேயே லைட் எரியும்.

'போன வாரம் எரிந்தது, தானாக அணைந்தது, இப்போது மறுபடியும்' என்று பலர் குழம்புவது இதனால்தான். கோளாறு போய்த் திரும்பி வந்திருக்க வேண்டும் என்றில்லை. அது தலைகாட்டும்படியான சூழ்நிலை மூன்று ஓட்டமாக அமையவில்லை, அவ்வளவுதான். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், பெரிய மேடு கிடையாது. மச்சான் ஒரு வாரம் முழுக்கப் பாலத்திலும் பட்டர்வொர்த்திலும் ஓட்டினால் லைட் அணைந்திருக்கும். சனிக்கிழமை பாலிக் பூலாவ் ஏறினால் எரியும்.

இந்த லைட் பிறந்த கதையையும் தெரிந்துகொள்வது நல்லது. கலிபோர்னியாவில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தத்தான் 1988 மாடல் ஆண்டிலிருந்து இப்படி வண்டியே தன்னைச் சோதித்துக்கொள்ளும் முறையைக் கட்டாயமாக்கினார்கள். இன்று நாம் பார்க்கும் 16 முனை சாக்கெட்டும் கோளாறைக் குறிக்கும் பொதுவான எண்களும் (இவற்றைத்தான் 'கோடு' என்கிறோம்) அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001, டீசல் கார்களுக்கு 2004. ஆக, புகையைக் கெடுக்கும் விஷயத்தில்தான் இந்த லைட்டுக்கு அக்கறை அதிகம். கிளட்ச் தேய்ந்தாலோ கறுப்பு எண்ணெய் (எஞ்சின் ஆயில்) ஒழுகினாலோ அது வாயைத் திறக்காது. சிவப்பில் எரியும் எண்ணெய்க் குவளைப் படம், வெப்பமானிப் படம் ஆகியவை வேறு வகை. அவை எரிந்தால் ஓரம் கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். மஞ்சள் எஞ்சின் லைட்டுக்கு அந்த அவசரம் பெரும்பாலும் இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. பெட்ரோல் வண்டியில் அது விட்டு விட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காலைத் தளர்த்தி, பக்கத்துப் பட்டறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோடு சொல்வதும் சொல்லாததும்

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கத்தில் அந்த 16 முனை சாக்கெட் இருக்கும். அதில் செருகும் சின்ன ஈஎல்எம்327 வகை புளூடூத் ரீடர் சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கிறது. கைப்பேசியில் ஓர் ஆப் போதும். ஆனால் நம் பக்கத்துப் பழைய பிக்கப் எல்லாமே அதோடு பேசும் என்று நம்பிவிடாதீர்கள். சாக்கெட் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே பேசும் பாஷை வேறாக இருக்கும். வாங்குவதற்கு முன்னால் அதே மாடல் வைத்திருக்கும் யாரிடமாவது இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். மச்சானின் வண்டி முதல் முயற்சியிலேயே பேசியது. எங்கள் அதிர்ஷ்டம்.

திரையில் வந்தது பி 0087. முதலில் உள்ள 'பி' எஞ்சின், கியர் பகுதியைக் குறிக்கிறது. அடுத்த எண் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு. 1 என்றால் பெரும்பாலும் அந்தக் கம்பெனிக்கே உரியது, அதற்கு அந்த மாடலின் கையேட்டில்தான் பொருள் பார்க்க வேண்டும். 0087 என்றால் எரிபொருள் ரெயிலில் அழுத்தம் குறைவு. ரெயில் என்பது பம்புக்கும் இன்ஜெக்டர்களுக்கும் நடுவில் டீசலை அழுத்தத்தோடு தேக்கிவைக்கும் தடித்த குழாய். எஞ்சின் சும்மா ஓடும்போதே அதில் 300 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். பாரத்தோடு மேடேறும்போது அது 1,000 பாரைத் தாண்டும்.

இரண்டாவது பட்டறை சறுக்கியது இந்த இடத்தில்தான். இது நிறையப் பேருக்கு நடப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பி 0192, பி 0193 என்று இரண்டு கோடுகள் உண்டு. அவை அழுத்தத்தைப் பற்றியவை அல்ல, அழுத்த சென்சாரின் மின்சுற்றைப் பற்றியவை. சென்சாரிலிருந்து வரும் வோல்ட் இருக்கவே முடியாத அளவுக்குத் தாழ்ந்தோ உயர்ந்தோ போய்விட்டது என்று அவை சொல்லும். வயர் அறுந்திருக்கலாம், ஷார்ட் ஆகியிருக்கலாம், சென்சாரே செத்திருக்கலாம். அப்போது சென்சாரைச் சந்தேகப்படுவது நியாயம். ஆனால் பி 0087 வந்தால், சென்சார் தன் வேலையைச் செய்து, 'அழுத்தம் போதவில்லை' என்று உண்மையைச் சொல்லியிருக்க வாய்ப்பு அதிகம். பால் குறைகிறது என்று எழுதிய கிராணியை வேலையை விட்டுத் தூக்கினால் பால் கூடிவிடுமா? மச்சான் ஐந்நூறு வெள்ளி கொடுத்துச் செய்தது அதைத்தான்.

ஆகவே கோடு வந்ததும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது மின்சுற்றைப் பற்றிய புகாரா, அளவைப் பற்றிய புகாரா? கோட்டின் விளக்கத்தில் 'சர்க்கியூட்' என்ற சொல் இருந்தால் முதலில் வயரையும் இணைப்பையும் பாருங்கள். குறைவு, அதிகம், போதவில்லை என்ற மாதிரி இருந்தால் சென்சாரைக் கடைசியில் வையுங்கள்.

கோட்டோடு சேர்ந்து இன்னொரு பொக்கிஷம் கிடைக்கும். ஆங்கிலத்தில் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கோளாறு பதிவான நொடியில் எடுத்த போட்டோ மாதிரி. அந்த நொடியில் எஞ்சின் எத்தனை சுற்று சுற்றியது, வண்டி எவ்வளவு வேகம், தண்ணீர் எவ்வளவு சூடு, எஞ்சினுக்கு எவ்வளவு பாரம் என்றெல்லாம் அதில் இருக்கும். மச்சானின் வண்டியில் வேகம் 38, சுற்று 2,400, தண்ணீர் 88 டிகிரி, பாரம் 90 சதவீதத்துக்கு மேல். அந்த நான்கு எண்ணைப் படித்தாலே மேடு கண்ணுக்குத் தெரிகிறது: வேகம் குறைவு, மிதி அதிகம், எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்கிறது.

'அழித்துக் கொடுக்கிறேன்' என்று ஃபோர்மேன் பொத்தானை அமுக்கும்போது இந்தப் போட்டோவும் சேர்ந்து அழிந்துபோகிறது. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலும் பெரும்பாலான வண்டிகளில் அதே கதி. அழிப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை, நானே அழித்திருக்கிறேன். ஆனால் அழிப்பதற்கு முன்னால் திரையைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் விட்டால், 'பாஸ், அழிக்கிறதுக்கு முன்னால ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்' என்று கேளுங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

எப்போது திரும்புகிறது?

ஒரே ஒரு தடவை எரிந்த லைட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம். திரும்பத் திரும்ப வரும் லைட் ஒரு வகையில் சுலபம், ஏனென்றால் அதற்கு ஒரு வழக்கம் இருக்கும். அந்த வழக்கத்தைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. மச்சானின் டிரைவர் தம்பியிடம் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். இழுவை போனாலோ லைட் வந்தாலோ தேதி, இடம், மழையா வெயிலா, பாரம் உண்டா, எஞ்சின் சூடா, டாங்கியில் எண்ணெய் (டீசல்) எவ்வளவு என்று எழுதச் சொன்னேன். 'எண்ணெய் அளவெல்லாம் எதுக்குண்ணே?' என்று கேட்டான். எனக்கும் அப்போது தெரியாது. மீட்டரில் தெரிகிற எல்லாவற்றையும் எழுதுவது எங்கள் தொழிற்சாலைப் பழக்கம், அவ்வளவுதான்.

நோட்டு ஓடிக்கொண்டிருக்கட்டும். அதற்குள், நம் ஊர்ப் பழைய டீசல் பிக்கப்புகளில் எந்த வழக்கம் எதைக் காட்டும் என்று பார்த்துவிடலாம்.

மழை நாளிலோ வண்டி கழுவிய மறுநாளோ வந்தால் வயரிங். 2017 நவம்பரில் பினாங்கில் வந்த பெருவெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் ஓட்டிய வண்டிகள் இன்றும் சாலையில் இருக்கின்றன. கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். வெள்ளமே பார்க்காத வண்டிக்கும் கடற்காற்று போதும். பின்னால் மாட்டிய கேமரா, முன்னால் மாட்டிய ஸ்பாட்லைட் என்று யாரோ நடுவில் வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள், அதையும் பாருங்கள். எலியையும் மறக்க வேண்டாம், கேட்டரிங் வண்டிக்கு எலிகள் விரும்பி வரும். இந்த வகைக் கோளாறுக்கு எஞ்சின் பட்டறையை விட வயரிங் கடைதான் சரியான இடம்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து கோடுகள் ஒரே நேரத்தில் வந்தால் முதலில் பேட்டரியையும் எர்த் வயரையும் சோதியுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியின் பேட்டரியில் 12.6 வோல்ட் அளவுக்கு இருக்க வேண்டும்; ஓடும்போது 14-ஐ ஒட்டி நிற்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் பத்துக்கும் கீழே வெகுவாக இறங்கினால் ஈசியுவுக்கே தலைசுற்றும். அந்த மயக்கத்தில் அது எழுதும் குறிப்புகளை நம்பிப் பொருள் வாங்கக் கூடாது.

ஜார்ஜ்டவுன் நெரிசலிலேயே நாள் முழுக்க ஊர்கிற வண்டிக்கு பி 0401 அடிக்கடி வரும். ஈஜிஆர் என்ற வால்வு புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்புகிறது. எரியும் சூட்டைத் தணித்து நைட்ரஜன் ஆக்ஸைடுகளைக் குறைப்பது அதன் வேலை. புகையில் இருக்கும் கரியும் எஞ்சின் மூச்சுக்குழாயிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் தார் மாதிரி ஒரு கட்டி உருவாகும். காற்று போகிற வழி பாதியாகச் சுருங்கிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகும். சிலர் அந்த வழியில் ஒரு தகட்டை வைத்து அடைத்துவிடுகிறார்கள். அடைத்துவிட்டு, லைட் ஏன் வருகிறது என்று கேட்கிறார்கள்! வால்வைத் திறந்தால் வெளிக்காற்று குறைய வேண்டும் என்று பல வண்டிகளின் ஈசியு எதிர்பார்க்கிறது. தகடு இருந்தால் குறையாது. குறி போடத்தான் செய்யும்.

மேட்டிலும் முந்தும்போதும் மட்டும் வந்து, பின்னால் கறுப்புப் புகையும் முன்னால் 'ஸ்ஸ்' என்ற சத்தமும் இருந்தால், பி 0299 என்ற கோட்டை எதிர்பாருங்கள். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவின் அழுத்தம் போதவில்லை என்று பொருள். டர்போவே போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைத் தடவிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்குக் கசிந்து, தோசைக்கல்லின் ஓரம் மாதிரி கறுத்திருக்கும். நின்றபடி பார்த்தால் வெடிப்பு மூடியிருக்கும். அழுத்தம் ஏறினால்தான் வாயைத் திறக்கும். காற்று வடிகட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரும் இப்படித்தான், ஒரு மெல்லிய கம்பி. தூசி படிந்தால் காற்றைக் குறைத்துச் சொல்லும். அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் கழுவலாம். பிரேக் கிளீனர் அடிக்காதீர்கள், விரலாலும் தொடாதீர்கள்.

நெடுஞ்சாலையில் வந்து, தண்ணீர் முள் வழக்கத்தை விடத் தாழ்வாகவே நின்றால், எஞ்சின் தண்ணீரின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட். 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?' என்று கழற்றி எறியும் பழைய ஃபோர்மேன்கள் உண்டு. எஞ்சின் சூடே ஏறவில்லை என்று பி 0128 வரலாம். புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள், விலை அதிகமில்லை.

பெட்ரோல் பிக்கப் வைத்திருப்பவர்கள் இங்கே குறைவு என்பதால் இரண்டே வார்த்தை. பி 0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் தீப்பற்றவில்லை. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் அதன் காயிலை மூன்றாவதற்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோடு பி 0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. அமெரிக்க வீடியோக்களில் பெட்ரோல் டாங்கியின் மூடியை இறுக்கச் சொல்வார்கள். அது பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் அமைப்புக்கு. டீசல் வண்டியில் மூடியை எவ்வளவு இறுக்கினாலும் லைட் அசையாது.

தே ஐஸும் ஓட்டை ஸ்ட்ராவும்

மூன்று வாரத்தில் நோட்டில் ஏழு பதிவுகள் சேர்ந்தன. ஏழும் மேடு, ஏழும் பாரம். மழை இரண்டு நாள், வெயில் ஐந்து நாள், அதில் ஒன்றுமில்லை. கடைசிக் கட்டத்தைப் பார்த்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏழு தடவையும் டாங்கியில் எண்ணெய் பாதிக்குக் கீழே. டாங்கி நிரம்பியிருந்தபோது அதே பாரத்தோடு அதே மேட்டில் இரண்டு தடவை ஏறியிருக்கிறான், ஒன்றுமே நடக்கவில்லை.

மச்சானிடம் கேட்டேன், முன்பெல்லாம் எப்படி எண்ணெய் போடுவீர்கள் என்று. 'முன்னெல்லாம் ஃபுல் டாங்க்தான். டீசல் விலை ஏறினதிலிருந்து அம்பது அம்பதாப் போடுறேன்' என்றார். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்குத் தாவியது. லைட் முதலில் எரிந்தது அந்த வருடக் கடைசியில். ஆக, கோளாறு அதற்கு முன்பே இருந்திருக்கலாம். நிறைந்த டாங்கி அதை மறைத்திருக்கிறது.

இந்த வயது டீசல் பிக்கப் பலவற்றில் டாங்கிக்குள் பம்ப் கிடையாது. எஞ்சினில் இருக்கும் பம்ப்தான் டாங்கியிலிருந்து வடிகட்டி வழியாக டீசலை உறிஞ்சி எடுக்கிறது. மாமாக் கடையில் பிளாஸ்டிக் பையில் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் தே ஐஸை (ஐஸ் தேநீர்) நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராவில் சின்னக் கீறல் இருந்தால், பை நிறைந்திருக்கும்வரை ஓரளவு வாய்க்கு வரும். தேநீர் இறங்க இறங்க இன்னும் பலமாக உறிஞ்ச வேண்டியிருக்கும், அப்போது கீறல் வழியாகக் காற்றுதான் அதிகம் வரும். கீழே ஒரு சொட்டும் ஒழுகாது, ஏனென்றால் அங்கே உள்ளிழுக்கும் வேலைதான் நடக்கிறது. டீசல் குழாயிலும் அதேதான். காற்றுக் குமிழி கலந்த டீசலை பம்பால் ஒழுங்காக அழுத்த முடியாது. சமதரையில் சமாளித்துவிடும். மேட்டில் 1,000 பார் கேட்கும்போது கைவிரிக்கும். எஞ்சினைக் காப்பாற்ற ஈசியு உடனே இழுவையைக் குறைத்துவிடும்.

ஆனால் இது ஊகம்தானே? காற்றா, அடைப்பா, பம்பா என்று பார்க்க வேண்டும். மலிவானதிலிருந்து தொடங்கினேன். வடிகட்டியின் அடியில் சேர்ந்த தண்ணீரை இறக்கினேன். ஒரு மூடி அளவுக்கு வந்தது. வடிகட்டியை மாற்றினேன். மேட்டில் மறுபடியும் லைட். சரி, அது இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, வடிகட்டிக்கும் பம்புக்கும் நடுவில் இருந்த ரப்பர் ஹோஸைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு முழம் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் டியூபை மாட்டினேன். இது உறிஞ்சும் பக்கம் என்பதால் செய்யலாம். பம்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் இரும்புக் குழாய்களை எஞ்சின் ஓடும்போது தளர்த்தவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் ஊசி மாதிரி தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையை இழந்தவர்கள் உண்டு.

ஹேண்ட் பம்பை அமுக்கிக் காற்றை எடுத்துவிட்டு எஞ்சினைப் போட்டோம். டியூபுக்குள் டீசல் தேன் நிறத்தில் நின்றது, அசைகிற மாதிரியே தெரியவில்லை. மச்சான் என்னைப் பார்த்தார். தம்பியை மெதுவாக மிதிக்கச் சொன்னேன். 2,000 சுற்று வந்ததும் கடுகு அளவில் ஒரு குமிழி ஓடியது. பிறகு இரண்டு. 3,000-இல் சோடா பாட்டிலைக் குலுக்கிய மாதிரி வரிசையாக வந்தது. டாங்கி கால் பங்குதான் இருந்தது. எண்ணெய்க் கடைக்குப் போய் நிரப்பி வந்து திரும்பப் போட்டோம். குமிழிகள் அநேகமாக நின்றுவிட்டன.

அதற்கப்புறம் தேடும் இடம் சுருங்கிவிட்டது. டாங்கியிலிருந்து வடிகட்டிவரை ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டே போனேன். டாங்கியின் மேல்பக்கம், கை நுழையாத இடத்தில், ஒரு விரல் நீள ரப்பர் ஹோஸ். வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. கிளிப்பைத் தள்ளினால் அதன் அடியில் முடி அளவில் ஒரு வெடிப்பு. ரப்பர் காய்ந்து மரப்பட்டை மாதிரி ஆகியிருந்தது. டீசலுக்கென்று இருக்கும் ஹோஸ் ஒரு மீட்டரும் நான்கு புதுக் கிளிப்பும் வாங்கினோம். ஐம்பது வெள்ளிகூட ஆகவில்லை.

மூன்றாவது பட்டறைக்காரரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கோட்டுக்கு பம்பும் இன்ஜெக்டரும்கூட உண்மையான காரணங்களே. 3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரும். அவரிடம் அந்த நோட்டுப் புத்தகம் இல்லை, அவ்வளவுதான்.

சரிசெய்த பிறகும் நான் கோட்டை அழிக்கவில்லை. கிராணியே பார்த்துக் குறியை எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கால் டாங்கி எண்ணெயோடு, அண்டாக்களில் தண்ணீர் நிரப்பி ஏற்றிக்கொண்டு துன் சார்டோன் சாலையில் ஏறினோம். ஈசியு கேட்கும் அழுத்தம், கிடைக்கும் அழுத்தம் என்று கைப்பேசித் திரையில் இரண்டு வரைகோடுகள். பழைய பதிவுகளில் மேட்டின் நடுவில் இரண்டும் பிரிந்து போகும். இந்தத் தடவை உச்சிவரை ஒட்டியபடியே வந்தன.

அந்த வாரம் வியாழக்கிழமை மச்சான் போன் செய்தார். 'மாப்பிள, லைட்டைக் காணோம். பல்பு பீஸ் போயிருச்சா?' நல்ல கேள்விதான். பழைய வண்டி விற்கும் சிலர் அந்த பல்பையே பிடுங்கிவிடுவார்கள். எஞ்சினைப் போடாமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னேன். எல்லா லைட்டும் எரிய வேண்டும்.

'எரியுது.'

'இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க.'

எஞ்சின் பிடிக்கும் சத்தம் போனில் கேட்டது. 'அணைஞ்சிருச்சு' என்றார்.